செம்பு இருந்தும் கிட்டாத நிலம்: வடஜெர்மானியக் கரிச்சதுப்பு மண்ணும் தானியப் பயிர்களின் செம்பூட்டமும்

முன்னுரை

இந்திய அரசு 2015ஆம் ஆண்டு முதல் உழவர்களுக்கு வழங்கிவரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு கூறுகள் பதிவாகின்றன. தழை, மணி, சாம்பல் ஆகிய பேரூட்டங்களை அடுத்து வரும் நுண்ணூட்ட வரிசையில் தாமிரமும் ஒன்று. ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என ஓர் எண்ணும், அதனருகே 'போதுமானது' அல்லது 'குறைவு' என ஒரு சொல்லும் அங்கே அச்சாகியிருக்கும். அட்டையைப் பெறும் உழவர் அவ்வெண்ணைத் தம் மண்ணில் உள்ள செம்பின் அளவு என்றே படிக்கிறார். உண்மையில் அது மண்ணிலுள்ள செம்பின் அளவன்று; ஒரு குறிப்பிட்ட வேதிக்கரைசல், குறிப்பிட்ட நேரத்தில், காய்ந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பகுதி மட்டுமே. இருப்பதும் கிட்டுவதும் வேறு வேறு என்பதை வேளாண் அறிவியல் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதனைக் கற்பித்த நிலங்களுள் முதன்மையானவை வடமேற்கு ஜெர்மனியிலும் அதனை ஒட்டிய நெதர்லாந்து, டென்மார்க் பகுதிகளிலும் உள்ள கரிச்சதுப்பு நிலங்களாகும்.

அந்நிலங்களில் ஓட்ஸ் பயிருக்கு நேர்ந்த ஒரு நோயை முன்வைத்து, மண்ணின் வேதியியல் தானியப் பயிர்களின் செம்பு ஈர்ப்பை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் தமிழில் இப்பொருள் பற்றிய எழுத்து மிகக் குறைவு. எனவே சொற்களைக் குறித்தும் ஆங்காங்கே பேச வேண்டியுள்ளது.

நிலமும் நோயும்

ஜெர்மன் மொழியில் 'மோர்' என்பது, நீர் தேங்கிய இடத்தில் பாசியும் புல்லும் முற்றாக மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிய நிலத்தைக் குறிக்கும். வெட்டி உலர்த்தினால் அடுப்பெரிக்கப் பயன்படும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இத்தகைய நிலம் பரவலாக இல்லாமையால் நமக்கு நாட்டுச்சொல் அமையவில்லை. 'முற்றா நிலக்கரி' எனக் கலைச்சொல் அகராதிகள் தருவது அப்பொருளைக் குறிக்குமேயன்றி நிலத்தைக் குறிப்பதில்லை. இங்கே 'கரிச்சதுப்பு' என்னும் சொல் ஆளப்படுகிறது. 'ஹைடெ' என்பது மற்றொன்று: பனியூழிக் காலத்து வெண்மணலின் மேல் குறுஞ்செடிகள் மண்டிக் கிடக்கும் புதர்வெளி. இவ்விரண்டும் கலந்த இடம், அதாவது வெண்மணலின்மேல் மெல்லிய கரிய மட்குப்படலம் போர்த்திய நிலம், 'ஹைடெமோர்' எனப்பட்டது.

இந்நிலங்களில் குடியேறியவர்களின் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. பிரேமன் நகருக்கு வடக்கே உள்ள டாய்ஃபெல்ஸ்மோர் என்னும் பெருஞ்சதுப்பைத் திருத்தும் பணியை 18ஆம் நூற்றாண்டில் யூர்கன் கிறிஸ்டியான் ஃபிண்டோர்ஃப் (1720–1792) வழிநடத்தினார். முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாம் தலைமுறைக்கு வறுமை, மூன்றாம் தலைமுறைக்கே சோறு என்னும் பொருள்பட ஒரு வழக்குமொழி அப்பகுதி மக்களிடையே இன்றும் உண்டு. சதுப்பின் மேற்பரப்பை எரித்துச் சாம்பலில் விதைப்பதே நெடுநாள் வழக்கமாயிருந்தது. 1877இல் பிரேமனில் பிரஷ்ய அரசின் கரிச்சதுப்பு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், எரிக்காமல் வடிகால் வெட்டி, சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் இட்டுப் பயிரிடும் முறை வகுக்கப்பட்டது. வேதியியல் உரங்கள் மலிந்த காலம் அது. இனிக் குறையொன்றும் இல்லை என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் புதிதாகத் திருத்திய நிலங்களில் ஓட்ஸ் பயிர் விந்தையான முறையில் நலிந்தது. நாற்று நன்றாக முளைத்தது. சில வாரம் பசுமையாகவும் வளர்ந்தது. பின்னர் இளந்தளிர்களின் நுனி வெளிறி வெண்மையாகி, நூல்போல் முறுக்கிக்கொண்டது. அடியில் தூர்கள் மேலும் மேலும் கிளைத்தன. ஆனால் பூட்டை வெளிவரவில்லை. வெளிவந்தவையும் வெண்ணிறப் பதராக நின்றன. வைக்கோல் உண்டு, மணி இல்லை. வாற்கோதுமைக்கும் கோதுமைக்கும் இதே கதி நேர்ந்தது. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் மட்டும் பெரும்பாலும் தப்பியது. இதனை ஜெர்மானியர் 'உர்பார்மாகுங்ஸ்கிராங்ஹைட்' என்றனர். நிலத்தைத் திருத்திப் பண்படுத்துவதால் வரும் நோய் என்பது அதன் பொருள். 'நிலத்திருத்த நோய்' எனலாம். உழைத்துப் பண்படுத்தியவனுக்கே நோய் என்ற பெயரில் ஒரு கசப்பு இருக்கிறது. அதே நிலத்தின் புல்லை மேய்ந்த மாடுகளும் மெலிந்து, மரத்தையும் சுவரையும் நக்கத் தொடங்கின. 'நக்கல் நோய்' எனப்பட்ட அதற்கும் பயிர் நோய்க்கும் தொடர்புண்டு என அப்போது எவரும் அறியவில்லை.

நஞ்சா, பசியா

கரிய மட்கு மிகுந்த இடங்களிலேயே நோய் கடுமையாகத் தோன்றியதால், அம்மட்கில் ஏதோ ஒரு நஞ்சு உள்ளது என்பதே முதற்கருத்தாயிற்று. நெதர்லாந்தில் நகர்க்குப்பையிலிருந்து செய்த எருவை இட்ட வயல்களில் நோய் தணிந்தது. மயில்துத்தம், அதாவது செம்புச் சல்ஃபேட்டு, இட்ட இடங்களிலும் 1920களில் தணிந்தது. ஆயினும் நஞ்சுக் கொள்கை உடனே வீழவில்லை. துத்தம் அந்நஞ்சை முறிக்கிறது என்றே அதற்கு விளக்கம் தரப்பட்டது. மருந்து கையிலிருந்தும் நோயின் காரணம் தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டது.

இத்தவற்றுக்கு ஒரு பின்னணி உண்டு. ஜெர்மனி என்றவுடன் தமிழாய்வாளர் நினைவுக்கு வரும் ஹாலே நகரம், சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய மரபினால் மட்டுமின்றி வேளாண் அறிவியலாலும் பெயர்பெற்றது. 1862இல் அங்கே பேராசிரியராக அமர்ந்த யூலியுஸ் கூன், கோதுமை விதையை மயில்துத்தக் கரைசலில் ஊறவைத்துக் கரிப்பூட்டை நோயைத் தடுக்கும் முறையைப் பரப்பியவர்களுள் ஒருவர். 1880களில் பிரான்சிலிருந்து வந்த போர்டோ கலவை திராட்சைத் தோட்டங்களை நீலமாக்கியது. இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பிய உழவர் செம்பைப் பூசணக்கொல்லியாகவே அறிந்திருந்தனர். கொல்லும் பொருளே உணவாகவும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழத் தாமதமானதில் வியப்பில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மற்றொரு காரணம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. கார்ல் ஸ்பிரெங்கலும் யுஸ்டுஸ் லீபிக்கும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பயிரின் கனிம உணவுக் கொள்கையை நிலைநாட்டினர். 1860 அளவில் யூலியுஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் மண்ணே இல்லாமல் உப்புக்கரைசலில் செடி வளர்த்துக் காட்டினர். அக்கரைசல்களில் செம்பு சேர்க்கப்படவில்லை; செடிகளோ நன்றாகவே வளர்ந்தன. எனவே செம்பு தேவையில்லை எனக் கொள்ளப்பட்டது. அன்றைய உப்புகளில் மாசாகக் கலந்திருந்த செம்பும், செம்பு வாலையில் காய்ச்சி வடித்த நீரில் கரைந்து வந்த செம்பும் செடிக்குப் போதுமானவையாக இருந்தன என்பது பின்னரே தெரிந்தது. மிகத் தூய உப்பும், செம்பு தொடாத நீரும் கிடைத்த பின்னரே 1931இல் அமெரிக்காவில் ஆனா சோமரும், தனியே லிப்மேனும் மெக்கின்னியும் செம்பின்றிச் செடி வாழாது என மெய்ப்பித்தனர். பிந்தைய இருவர் எடுத்துக்கொண்ட பயிர் வாற்கோதுமை. அதற்கு முன்பே, 1927இல், புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் கரிச்சதுப்பில் மயில்துத்தம் பயிரை வளர்த்தெடுப்பதை வயல் ஆய்வு காட்டியிருந்தது.

சர்க்கரைக் கிழங்கின் குருத்தழுகல் போரான் பற்றாக்குறையே என 1931இல் காட்டிய ஜெர்மானியத் தாவரநோயியல் அறிஞர் பிராண்டன்பர்க், அடுத்த சில ஆண்டுகளில் நிலத்திருத்த நோயை ஆராய்ந்து, அது செம்புப் பற்றாக்குறையே என நிறுவினார். 1933இல் டச்சு வேதியியலறிஞர் ஸ்யொல்லெமா, நக்கல் நோயையும் செம்புக் குறைவோடு இணைத்தார். பயிரும் மாடும் ஒரே பசியால் வாடின.

மண் செம்பைப் பற்றும் விதம்

பற்றாக்குறை என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கணக்கு இதற்கு உதவும். கோதுமை மணியில் ஒரு கிலோவுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் செம்பு இருக்கும். எக்டேருக்கு 8 டன் மணி விளைந்தால் வயலைவிட்டு வெளியேறும் செம்பு ஏறத்தாழ 40 கிராம். இனி மிக வறிய ஒரு வெண்மணலில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் செம்பே உள்ளது எனக் கொள்வோம். ஓர் எக்டேரின் மேல் 20 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 3,000 டன். அதிலுள்ள செம்பு 6 கிலோ. நூற்றைம்பது அறுவடைக்கு அது போதும். அவ்வாறிருக்க முதல் அறுவடையே பதராவது ஏன்?

மொத்த அளவு குறைவு என்பதும் உண்மையே. பசால்ட் போன்ற கரும்பாறையிலிருந்து உருவான மண்ணில் செம்பு மிகுதி. படிகமணல் மண்ணில் மிகக் குறைவு. வடஜெர்மனியின் மணலைப் பனியாறுகள் கொணர்ந்து குவித்தன. பின்னர் ஆயிரமாயிரம் ஆண்டு மழை, புதர்வெளியின் அமில மட்குடன் சேர்ந்து, அதிலிருந்த உலோகங்களையும் அரித்துக் கீழே இறக்கியது. உயர்சதுப்பின் நிலை இன்னும் மோசம். அடிமண்ணோடு தொடர்பற்று மழைநீரால் மட்டுமே வளர்ந்த அதற்கு மழையும் காற்றுத்தூசியும் தந்ததே வருவாய். ஆயினும் இருந்த சிறு அளவும் பயிருக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் பிணைப்பு.

மட்கு என்பது கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் நிறைந்த பெருமூலக்கூறுகளின் கலவை. இத்தொகுதிகள் நேர்மின் உலோக அயனிகளைப் பற்றும். கால்சியம், மக்னீசியம் ஆகியவை வெறும் மின்கவர்ச்சியால் ஒட்டியிருக்கும். வேறோர் அயனி வந்தால் இடம்விட்டு நகரும். இரட்டை நேர்மின் கொண்ட செம்பு அயனி அவ்வாறன்று. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொகுதிகளோடு ஒரே வேளையில் இணைந்து, நண்டு தன் கொடுக்கால் இரையைக் கவ்வுவதுபோல் மட்கினால் கவ்வப்படும். தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் கொடுக்கிணைப்பு என்கின்றன. உவமை கிரேக்க மொழியிலிருந்து வந்தாலும் தமிழில் நன்கு பொருந்திவிட்டது. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட்டு, நிக்கல், செம்பு எனச் செல்லும் வரிசையில் இப்பிணைப்பின் வலிமை ஏறிக்கொண்டே போய்ச் செம்பில் உச்சத்தை அடைகிறது. அடுத்துள்ள துத்தநாகத்தில் இறங்கிவிடுகிறது. இர்விங்கும் வில்லியம்ஸும் 1948இல் வெளிப்படுத்திய இவ்வரிசை, பயிர்ச்சத்து உலோகங்களில் செம்பே மட்கினிடம் மிக இறுக்கமாக அகப்படுவது ஏன் என்பதை விளக்குகிறது. துத்தநாகப் பற்றாக்குறை சுண்ணாம்பு மண்ணின் குறையாகவும் செம்புப் பற்றாக்குறை மட்கு மண்ணின் குறையாகவும் பெரும்பாலும் காணப்படுவதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் மட்கைப் பகைவனாக மட்டும் கொள்வது தவறு. மண்கரைசலில் உள்ள செம்பில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் கரையும் கரிமச் சேர்மங்களோடு பிணைந்தே உள்ளது. தனித்த செம்பு அயனி மிக மிகச் சிறிதே. வேர், இலைச்சருகு, நுண்ணுயிர் ஆகியவை வெளியிடும் சிறு கரிம அமிலங்கள் செம்பை ஏந்திக்கொண்டு மண்ணீரில் உலவுகின்றன; அவை இல்லாவிடில் செம்பு வேரருகே வந்து சேர்வதே அரிது. கரையாத பெரிய மட்கு செம்பைச் சிறைவைக்கிறது. கரையும் சிறிய மட்கு அதனைச் சுமந்து செல்கிறது. கரிச்சதுப்பில் முதல் வகை மிகுதி என்பதே இடர்.

அடுத்தது அமிலத்தன்மை. மண்ணின் கார அமில நிலை ஓர் அலகு உயர்ந்தால், கரைசலில் தனித்த செம்பு அயனியின் செறிவு கோட்பாட்டளவில் நூறில் ஒரு பங்காகக் குறையும். ஓர் அயனியை விடுவிக்க இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் இடம் மாற வேண்டும் என்பதால் இவ்விகிதம் அமைகிறது. சுண்ணாம்பு இட்டவுடன் செம்பு முழுதும் மறைந்துவிடும் என இதிலிருந்து முடிவு செய்யக்கூடாது. அமிலம் தணியும்போது கரிமப் பொருளும் கூடுதலாகக் கரைந்து செம்பைச் சுமக்கிறது. மேலும் வேரின் மேற்பரப்பில் செம்போடு போட்டியிடும் ஹைட்ரஜன் அயனிகளும் குறைகின்றன. ஆகவே வயலில் காணும் மாற்றம் ஏட்டுக்கணக்கைவிடச் சிறியது. ஆயினும் செம்பு முன்பே விளிம்பில் நிற்கும் மண்ணில் மிகைச் சுண்ணாம்பு பயிரைக் குறைக்குள் தள்ளும். கரிச்சதுப்புக்கு ஜெர்மானியப் பரிந்துரைகள் கனிம மண்ணைவிடத் தாழ்ந்த கார அமில இலக்கையே வகுத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

களிமண்ணும், இரும்பு மாங்கனீசு ஆக்சைடுகளும் செம்பைப் பற்றுவன. வடஜெர்மனியின் வெண்மணலில் அவை மிகக் குறைவாதலால் இங்கு விரிக்கவில்லை.

வேரிலிருந்து கதிர் வரை

வேரை அடைந்த செம்பு உள்ளே நுழையும் முன், வேர்ப்பரப்பில் உள்ள நொதி ஒன்று அதனை ஒற்றை நேர்மின் நிலைக்கு ஒடுக்குகிறது. பின்னர் அதற்கெனவே அமைந்த கடத்திப் புரதம் உள்ளே கொண்டுசெல்கிறது. புல்லினத்துப் பயிர்களுக்கு மற்றொரு வழியும் இருக்கக்கூடும். இரும்புக் குறை நேர்கையில் தானியப் பயிர்கள் வேரிலிருந்து இரும்பைக் கவ்வும் சேர்மங்களைக் கசியவிட்டு, அப்பிணைப்பையே முழுதாக மீட்டு உறிஞ்சுகின்றன. ஸ்டுட்கார்ட் அருகே ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர் ரோம்ஹெல்டும் ஹோர்ஸ்ட் மார்ஷ்னரும் 1986இல் இதற்கான தனி ஈர்ப்பமைப்பைச் சான்றுகளுடன் காட்டினர். அச்சேர்மங்கள் செம்பையும் கவ்வுகின்றன. ஆயினும் அவற்றைச் செம்புக்கெனவே அமைந்தவை எனச் சொல்வது மிகையாகும்.

செடிக்குள் செம்பின் பணி அளவில் சிறிது, இன்றியமையாமையில் பெரிது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோசயனின், மூச்சுவிடலின் இறுதிப்படியில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேசு, லிக்னின் உருவாக்கத்திற்கு உதவும் நொதிகள் ஆகியவை செம்பைத் தாங்கியவை. லிக்னின் குறைந்தால் தாள் வலுவிழந்து சாயும். மகரந்தப்பையின் சுவர் உறுதிப்படாமல் மகரந்தம் வெளிவருவதும் தடைப்படும். மகரந்தம் உருவாகும் குறுகிய காலத்தில் செம்பு எட்டாவிடில் அது மலடாகும். இலையில் ஒரு குறியும் காட்டாத பயிர்கூட மணிபிடிக்கும் வேளையில் பதராகும். நிலத்திருத்த நோயின் மிதமான வடிவம் இதுவே. வறட்சி என்றும் பனி என்றும் பழி வேறெங்கோ போய்விடும்.

செம்பு இலையில் புரதத்தோடு பிணைந்திருப்பதால், முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு எளிதில் இடம்பெயராது. முதிரிலை பசுமையாக இருக்கத் தளிர் வெளிறுவது இதனால்தான். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் முதிரிலையின் முதுமை தள்ளிப்போகும், புரதப்பிணைப்பும் நீடிக்கும், தளிரின் பசி முற்றும். இளம் இலையின் உலர் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே செம்பு இறங்கினால் குறை உறுதி. 1877க்குப் பின் வடஜெர்மானிய நிலங்களில் நடந்ததை இப்போது வேறு கண்ணால் பார்க்கலாம். சுண்ணாம்பும் பேரூட்டங்களும் இட்ட உழவர் பயிரின் மற்றப் பசிகளையெல்லாம் தீர்த்துவிட்டார். தீராத ஒன்று மட்டும் மீந்தது. ஸ்பிரெங்கலும் லீபிக்கும் சொன்ன மிகக் குறைந்த சத்தின் விதி, அவர்கள் அறிந்திராத ஒரு சத்தின்மூலம் அவர்கள் நாட்டிலேயே மெய்யாயிற்று.

ரை தப்பியது ஏன் என்ற வினாவும் இங்கே விடைபெறுகிறது. அதன் வேரமைப்புக்குக் கட்டுண்ட செம்பைத் திரட்டும் திறன் மிகுதி, இப்பண்பு மரபுவழியது. கோதுமையையும் ரையையும் கலந்து உருவாக்கிய டிரிட்டிகேல் பயிரில் இத்திறன் ரையின் ஐந்தாம் நிறப்புரி ஒன்றன் நீண்ட கிளையோடு இணைந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. வடஜெர்மானிய மணற்பகுதிகளில் பல தலைமுறையாக ரையே முதற்பயிராக நின்றதற்கு அமிலத்தையும் வறட்சியையும் தாங்கும் இயல்பு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. செம்பையும் அதனோடு சேர்க்கலாம் எனத் தோன்றுகிறது. உழவர் தேர்ந்தது பயிரை. காரணத்தை அறிவியல் பின்னால் வந்து கண்டது.

இடுவதும் அளப்பதும்

பரிகாரம் எளிது. மயில்துத்தத்தின் எடையில் கால்பங்கு செம்பு. எக்டேருக்குச் சில கிலோ செம்பு கிடைக்குமாறு அதனையோ, செம்பு உருக்காலைக் கசடை அரைத்த தூளையோ மண்ணில் கலந்தால் நோய் நீங்கியது. ஒருமுறை இட்டது பல ஆண்டுகளுக்குப் பயன் தந்தது. மட்கு செம்பை விடாமல் பற்றுவதால் மழை அதனை அரித்துச் செல்வதில்லை. பயிரைப் பட்டினியிட்ட அதே பிணைப்பு, இட்ட உரத்தைக் காத்தும் வைத்தது.

1950ஆம் ஆண்டு மே 5 அன்று மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் எம்ஸ்லாந்து திட்டத்தை ஏற்றபோது, டச்சு எல்லையோரச் சதுப்புகளில் இன்னொரு வழி பெருமளவில் கையாளப்பட்டது. நீராவிப் பொறிகள் கம்பிவடத்தால் இழுத்த பேருருவக் கலப்பைகள் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு உழுது, அடிமணலையும் மேல்கரியையும் சாய்ந்த அடுக்குகளாகப் புரட்டின. அக்கலப்பைகளைக் குரோஸ் ஹெஸெபெயில் உள்ள எம்ஸ்லாந்து சதுப்பு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். நீர்வடிப்பும் வேரோட்டமும் இதனால் மேம்பட்டன. அடிமணலும் செம்பில் வறியதே ஆதலால், உழவு மட்டும் செம்புக் குறையைத் தீர்க்கக்கூடியதன்று.

அளப்பதே கடினமான பகுதி. மொத்தச் செம்பை அளந்தால் பயிரின் நிலை தெரியாது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும். எனவே வேர் எடுப்பதை ஓரளவு ஒத்து எடுக்கும் கரைசல்கள் தேடப்பட்டன. ஜெர்மனியில் நீர்த்த நைட்ரிக் அமிலம் நெடுங்காலம் பயன்பட்டது. பின்னர் கால்சியம் குளோரைடும் டி.டி.பி.ஏ. என்னும் கொடுக்கிணைப்பியும் கலந்த கரைசல் வந்தது. இந்திய ஆய்வகங்களில் வழங்குவது, அமெரிக்காவில் லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ. முறை. மட்கு செம்பைக் கவ்வும் அதே உத்தியால் ஆய்வாளர் அதனை மட்கிடமிருந்து மீட்கிறார். எக்கரைசலால் அளந்தது எனச் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. ஒரு முறையில் போதுமான அளவு மற்றொன்றில் குறைவாகும். கரிச்சதுப்பில் இன்னொரு பொறியும் உண்டு. அம்மண் மிக இலேசானது. கன மீட்டருக்கு 300 கிலோ எனக் கொண்டால் மேல் 20 செ.மீ. மண்ணின் எடை எக்டேருக்கு 600 டன் மட்டுமே. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது கேட்க மிகுதி. எக்டேருக்கு அது 3 கிலோதான், வெண்மணலில் 2 மில்லிகிராம் தந்ததில் பாதி. எடைக்கணக்கில் செல்வமாகத் தோன்றுவது பரப்புக்கணக்கில் வறுமையாகிறது.

இன்றைய வடமேற்கு ஜெர்மனியில் நிலை தலைகீழாகவும் மாறியுள்ளது. பன்றிப் பண்ணைகள் அடர்ந்த ஃபெஷ்டா, குளோப்பன்பர்க் வட்டாரங்களில் தீவனத்தில் சேர்க்கும் செம்பின் பெரும்பகுதி சாணக்குழம்போடு வயலுக்கு வருகிறது. பால்மறந்த குட்டிகளின் தீவனத்தில் முதல் நான்கு வாரத்துக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த நான்கு வாரத்துக்கு 100, பிறகு 25 என ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் வரம்பிட்டது. செடிக்காப்பு மருந்தாக இடும் செம்புக்கும் ஏழாண்டில் எக்டேருக்கு 28 கிலோ என அதே ஆண்டு எல்லை வகுத்தது. வெளியேறாத உலோகத்தை ஆண்டுதோறும் சேர்ப்பதில் உள்ள இடர் இவ்வரம்புகளுக்கு அடிப்படை.

நம் நிலங்களை நோக்கி

நீலகிரி, ஆனைமலை, இலங்கை மலையகம் ஆகியவற்றின் தேயிலை நிலங்கள் அமிலமும் மட்கும் மிகுந்தவை. 1946இல் கொப்புள நோய் அங்கே பரவிய பின்னர் செம்புப் பூசணக்கொல்லிகள் பல பதிற்றாண்டுகளாகத் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. அங்குள்ள மட்கும் செம்பை விடாமல் பற்றும். ஆனால் அங்கே எழும் வினா குறைவு பற்றியதன்று, சேர்மானம் பற்றியது. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்போடு பிணைந்த அம்மண்ணின் செம்புக் கணக்கைத் தமிழில் எழுதுவார் இன்னும் வர வேண்டும்.

சமவெளி நெல்வயலின் வேதியியல் வேறு. நீர் நின்ற சில நாளில் மண்ணின் ஆக்சிசன் தீர்ந்து, அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலை நோக்கி நகர்கின்றன. சல்ஃபேட்டு சல்ஃபைடாக ஒடுங்க, செம்பு அதனோடு கூடிக் கரையாப் பொருளாகப் படிகிறது. கரைந்துள்ள செம்பு குறைகிறது. வயலை வடித்துக் காயவிட்டால் சல்ஃபைடு மீண்டும் ஆக்சிசனேற்றம் பெற்றுச் செம்பு வெளிப்படும். ஒரே வயல் ஒரே ஆண்டில் குறுவைக்கு ஒரு செம்பு நிலையையும் தொடர்ந்து வரும் உளுந்துக்கு வேறொரு நிலையையும் தரக்கூடும்.

மண்வள அட்டைக்கான மாதிரி நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த பின்னரே ஆய்வகக் கரைசலில் குலுக்கப்படுகிறது. தாமிரம் என்னும் வரிசையில் அச்சாகும் எண் அந்த உலர்ந்த மண்ணுக்குரியது. ஆங்கிலத்தில் கிடைக்கும் அளவு எனத் தனியே சுட்டப்படுவதைத் தமிழ் அட்டைகள் வெறும் சத்தின் பெயராலேயே குறிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. 'மொத்தச் செம்பு', 'கிட்டும் செம்பு' என இரு சொல் வழங்குவதும், கிட்டும் செம்பு எனும் இடத்தில் அளந்த முறையின் பெயரையும் மாதிரி எடுத்தபோது வயல் நீர்நின்றதா காய்ந்ததா என்பதையும் சேர்த்து எழுதுவதும் அட்டையில் ஒரு வரி இடத்தையே எடுத்துக்கொள்ளும்.